'இரு' என்றொரு கட்டளை

வாழ்நாளில் பாதியை நான் தோசை தின்றே கழித்தேன். தோசை மேல் காதல் ஒன்றும் கிடையாது. ஹோட்டலில் சர்வர் வந்து நின்றால் எனக்கு 'இட்லி' என்று சொல்ல வராது, அவ்வளவுதான். எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் கொஞ்சம் திக்கும். 'இ'யில் மட்டும் மாட்டினால் மாட்டியதுதான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார், சர்வர் காலை மாற்றி நிற்பார், யாராவது ஒரு புண்ணியவான் என் வாக்கியத்தை எனக்காக முடித்து வைப்பார். அதற்குத் தோசையே தேவலை.

பேச்சில் விட்டதையெல்லாம் எழுத்தில் பிடிக்கிறவன் நான். கொஞ்சம் வளவளவென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோகிலவாணியை முதலில் பார்த்ததும் ஹோட்டலில்தான். வடவள்ளியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. 'ரெண்டு பேரும் போய்ப் பேசிப் பாருங்க' என்று இரண்டு வீட்டாரும் அனுப்பியிருந்தார்கள். பேசிப் பார்க்க என்னையா அனுப்புவது! நான் வழக்கம்போல் தோசை என்றேன்.

"இட்லி புடிக்காதுங்களா?" என்று கேட்டாள். சர்வர் கையிலிருந்த இட்லித் தட்டை நான் பார்த்த பார்வையைக் கவனித்திருக்கிறாள்.

பிடிக்கும் என்று தலையாட்டினேன்.

"அப்பறம் எதுக்குத் தோச? கேளுங்க."

'இ'யில் ஏறினேன். இறங்க வழி தெரியவில்லை. சர்வர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். கோகி கையை உயர்த்தி, "இருங்ணா, அவரு சொல்லுவாரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பரிதாபமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒருவழியாக இட்லி வந்தது, என் வாயிலிருந்து, முழுசாக. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். ஃபோனில் நான் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் லைன் போய்விட்டதென்று வைத்துவிடுவார்கள். அவள் மட்டும், "இருக்கறேன், சொல்லுங்க" என்பாள். நாளடைவில், அவள் எதிரில் எனக்குத் திக்குகிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இந்தக் கதையின் வில்லங்கமே அந்த மறதியில்தான் தொடங்கியது.

எனக்குத் தொழில், வாஷிங் மெஷின் போர்டு ரிப்பேர். பொழுதுபோக்கு, உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை வைத்துக்கொண்டு விளையாடுவது. அவற்றுக்கு ஆங்கிலத்தில் கட்டளை எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிக்கொண்டேன். எரி, அணை, சுற்று, பேசு. கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் காத்திரு என்பதற்கு, 'இரு'. இரண்டே எழுத்து. டைப் அடிக்கச் சுலபம். வாயால் சொல்லத்தான் வராது.

கோகிக்குத் தொழில் கல்யாண காண்ட்ராக்ட். மண்டபம், மாலை, மேளம், சாப்பாடு, போட்டோ எல்லாம் ஒரே கையில். ஒருநாள் மண்டப வாசலில் நிறுத்த ஒரு வரவேற்புப் பொம்மை கேட்டாள். நானும் செய்து கொடுத்தேன். பொம்மை கும்பிடும், பன்னீர் தெளிக்கும், 'வாங்க வாங்க' என்று பேசும், தலைக்கு மேலே விளக்கு வளைவு கண் சிமிட்டும். எல்லாம் ஒரே போர்டில்.

முதல் கல்யாணத்திலேயே மானம் கப்பலேறியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பட்டுச் சட்டையில் வந்து நின்றார். பொம்மை பன்னீரைத் திறந்தது. 'வாங்க வாங்க' சொல்லி முடிக்கும்வரை இரு என்று நான் எழுதியிருந்தேன். அது இருந்தது. கையும் இருந்தது, பன்னீரும் திறந்தபடியே இருந்தது. மனிதர் தொப்பலாகிவிட்டார். கோகி கொஞ்சமும் அசராமல், "எங்க பக்கம் தாய்மாமனுக்குத்தாங்க மொத மரியாத" என்று துண்டை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, என்னதான் ஆச்சு அந்தப் பொம்மைக்கு?"

நான் விளக்கினேன். நேரில் அரை மணி நேரம் ஆனது. உங்களுக்காகத் திக்கலைக் கழித்துவிட்டு எழுதுகிறேன். "இருன்னு சொன்னா அது மரமாட்ட நின்னுரும் கோகி. மொத்த போர்டும் நிக்கும். அந்த நேரத்துல வேற எதையும் கவனிக்காது."

"அப்ப இருன்னு சொல்லாதீங்க."

"அதான் வழி. எல்லா 'இரு'வையும் எடுத்துரோணும். எடுத்துட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் குறிச்சு வெக்கோணும். போர்டு நிக்காம சுத்திச் சுத்தி வந்து மணி பாக்கும். எதுக்கு நேரம் வந்துச்சோ அத ஒரு தட்டு தட்டிட்டு அடுத்ததுக்குப் போயிரும். பாக்கறவங்களுக்கு நாலு வேலையும் ஒண்ணா நடக்கற மாதிரி இருக்கும்."

"பால் அடுப்பு முன்னாடியே நிக்காம, அப்பப்ப எட்டிப் பாத்துட்டே சட்னி அரைக்கற மாதிரிங்களா?"

"அதேதான்."

அவள் யோசித்தாள். அந்த வாரம் அவளுக்கு ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம். "எனக்கும் அப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அப்போது மருந்துக் கடைகளில் 'கவனவில்லை' என்றொரு சின்னக் கருவி வந்துவிட்டிருந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். மனசு அலைந்தால் லேசாகத் தட்டி புத்தகத்துக்குத் திருப்பும். ஒன்றை வாங்கிப் பிரித்தேன், என் போர்டோடு பேச வைத்தேன், 'இரு' இல்லாத நிரலை அதில் ஏற்றினேன். கோகி எங்கே சும்மா நிற்கிறாளோ அங்கிருந்து அவள் கவனத்தை எடுத்து, எங்கே தேவையோ அங்கே வைக்கும். எப்போது நகர வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டுமே? ஒரு வரி எழுதினேன்: எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால், முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள், அடுத்த வேலைக்குப் போ.

திக்குவாயன் எழுதின வரி இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மூன்று கல்யாணத்தையும் கோகி ஊதித் தள்ளிவிட்டாள். ஒரு மண்டபத்தில் நின்றபடி இன்னொரு மண்டபத்தின் பந்தியை நகர்த்தினாள். மூன்றாவது மண்டபத்தில் தாலிக்கயிறு மஞ்சள் பூசாமல் இருப்பதைக் கேமராவில் பார்த்துச் சொன்னாள். எதுவும் குழம்பவில்லை, யார் மேலும் எரிந்து விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொண்டாட்டிக்கு நகை வாங்கிக் கொடுப்பவன் உண்டு, நேரத்தையே வாங்கிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கொஞ்ச நாளில் அவளைச் சுற்றியிருந்தவர்கள் பேசுகிற விதமே மாறியது. சமையல் ரங்கண்ணன், 'அதாவது தாயி' என்று ஆரம்பித்து மீசையைத் தடவி, ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அந்தச் செருமலுக்குள் கோகி வேறு வேலைக்குப் போயிருப்பாள். அவர் இப்போது வாசலிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே வந்து, "பருப்பு-பத்தல-பூசணி-வரல-கேஸ்-தீந்துபோச்சு" என்று ஒரே மூச்சில் கொட்டினார். எல்லோரும் நிறுத்தாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ள முடியாதவன் நான் ஒருவன்.

"கோகி, நா... நா..." என்பேன். அவள் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். ஒரு சொல்லில் நான் தடுக்கி நின்றதும் கண்ணில் ஏதோ ஒன்று நகரும். கை ஃபோனுக்குப் போகும், கால் வாசலுக்குப் போகும். சுற்றி முடித்துத் திரும்பி வந்து, "ம், சொல்லுங்க" என்பாள் அன்பாக. நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். மறுபடி அதே இடத்தில் தடுக்குவேன். வேலைக்காகாது என்று எழுதி அனுப்பினேன். மெசேஜும் அவளுக்கு ஒரு வேலைதானே, உடனே ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

பழனாத்தா அத்தையின் புருஷன் இறந்துபோனார். கோகியைத் தூக்கி வளர்த்த அத்தை. நாங்கள் போனதும் அத்தை இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாரு கண்ணு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. சாவு வீட்டில் வேறென்ன பேச இருக்கிறது? பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குத்தானே போகிறோம்? ஆனால் அத்தை பேச்சை நிறுத்திவிட்டாளே! கோகியின் கை மெல்ல நழுவி வந்தது. எழுந்து போய்ப் பந்தல் போடச் சொன்னாள், நாற்காலி வரவழைத்தாள், வந்த ஒரம்பரை சனம் எல்லாருக்கும் காபி கொடுக்க ஆள் வைத்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் அவளை மெச்சினார்கள். அத்தை மட்டும், பிடிக்க ஆளில்லாத கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. செத்தவருக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சரி செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. 'எதிரில் இருப்பவர் நிறுத்தினால், இரு.' ஒரே வரி. வீட்டு வைஃபையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் காதுக்குப் போய்விடும். வரியை எழுதிவிட்டு, விரலைப் பொத்தான் மேல் வைத்தேன். எடுத்துவிட்டேன். அவள் தலை பன்னீர்ப் பொம்மையின் தலை அல்ல. கேட்காமல் அதற்குள் ஒரு வரி எழுதினால், அதற்கப்புறம் நான் புருஷன் இல்லை, வேறு என்னமோ. கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் கேட்பதற்கு அவள் நிற்க வேண்டும். நிற்பதற்கு அந்த வரி வேண்டும். இப்படியொரு முடிச்சை நானே போட்டு நானே அதில் தொங்கினேன்.

இந்த லட்சணத்தில்தான் பெங்களூரிலிருந்து நிகில் என்று ஒருவர் வந்தார். வில்லை கம்பெனிக்காரர் இல்லை, அதை வாங்கி விற்கத் துடிக்கும் இன்னொரு கம்பெனிக்காரர். பொள்ளாச்சியில் கோகி நடத்திய ஒரு பெரிய கல்யாணத்தைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். மயங்கிப் போயிருந்தார்.

"சார், உங்க புரோகிராமை நாங்க எடுத்துக்கறோம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல் டீச்சர்ஸ், ஹவுஸ்வைஃப்ஸ், எல்லாருக்கும். விளம்பர வாசகம்கூட ரெடி. 'இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்!' எப்படி?"

"எ... என..."

"எனக்கும் சந்தோஷம்னு சொல்றீங்க! தேங்க்ஸ் சார்."

எனக்கு அதில் இஷ்டமில்லை என்றுதான் சொல்ல வந்தேன். அவர் அடுத்த வியாழக்கிழமை காலை கையெழுத்து வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதியவன் நான், சோதித்துக் காட்டியவள் கோகி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எங்கள் இருவரிடமும் எவ்வளவு வேகமாகப் பேசினாரோ, கோகி அவ்வளவு வேகமாகத் தலையாட்டியிருந்தாள்.

ஊரிலுள்ள டீச்சரெல்லாம் இதை ஒட்டிக்கொண்டு, வகுப்பில் என்னை மாதிரி ஒரு பையன் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வண்டியில் ஏறப் போகும்போது குறுக்கே நின்றேன். கோகி, இரு, உன்னிடம் பேச வேண்டும். இவ்வளவுதான் சொல்ல நினைத்தது. "கோகி, இ... இ..."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை வரும் என்று நம்பினேன்.

"இட்லிதானுங்களே? ஹாட் பாக்ஸ்ல வெச்சிருக்கறேன், சாப்புடுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். தானோட்டி வண்டி, சத்தமே இல்லாமல் கிளம்பிப் போய்விட்டது.

ஊரே என் வாக்கியத்தை முடித்து வைத்திருக்கிறது, எனக்கு வலித்ததில்லை. கோகி முடித்து வைத்தது அதுதான் முதல் தடவை. தப்பாக வேறு. இட்லியை நான் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நிகில் வரும் நேரம். கோகி குளித்துத் தலையைத் துவட்டியபடி, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் குங்குமம் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஃபோனை வைத்ததும் ஆரம்பித்தேன்.

"கோகி, இ..."

மாட்டிக்கொண்டது. அவள் ஒரு மூச்சு நேரம் நின்றாள். கண் நகர்ந்தது. திரும்பி வாசல் பக்கம் நடந்தாள்.

வழக்கமாக, எதிராளி திரும்பியதும் நான் வாயை மூடிவிடுவேன். அல்லது 'இ'யை விட்டுவிட்டு வேறு சொல்லுக்குத் தாவுவேன், தோசைக்குத் தாவினதுபோல. 'நில்லு' என்று சொல்லியிருக்கலாம். அது ஓரளவு வரும். அன்றைக்கு எனக்கு ஒரு வீம்பு. நான் தோசை தின்று பிழைத்ததெல்லாம் போதும். "இ... இ... இ..." என்று அந்த ஓர் எழுத்திலேயே நின்றேன். முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, பார்க்கச் சகிக்காது என்று எனக்கே தெரியும். விடவில்லை.

வாசற்படியில் அவள் நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிறவள்போல ஒவ்வோர் அடியாகத் திரும்பி வந்தாள். என் எதிரே வந்து நின்றாள். அவள் கண் ஃபோனுக்குப் போனது, இழுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்குப் போனது, இழுத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் வியர்த்து, வைத்த குங்குமம் கரைந்தது. அவளுக்குப் பின்னால் பால் பொங்கிக்கொண்டு மேலே வந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். சத்தமும் கேட்டிருக்கும். திரும்பவில்லை. பால் வழிந்து, அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. 'இ'யில் நின்றபடியே கையை நீட்டி கேஸை மூடினேன்.

"...ரு" என்றேன். "இரு."

"இருக்கறேன்" என்றாள். "இருக்கறேன், சொல்லுங்க."

எனக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம். நான் எழுதின நிரலை என் பொண்டாட்டி ஜெயித்துவிட்டாள்! எத்தனை வில்லை வந்தால் என்ன, அந்த ஹோட்டலில் கையைத் தூக்கியவள் இவள் என்று உச்சி குளிர்ந்து நின்றேன். அவள் காதுக்குப் பின்னாலிருந்து வில்லையை உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது செத்துப்போச்சுங்க."

"எ... எப்ப?"

"அத்தை வீட்டுச் சாவுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே. பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கும் முன்னாடி. வண்டியில சார்ஜ் போட்டுப் போட்டுப் பாத்தேன், ஏறவே இல்ல. பழக்கத்துல ஒட்டிக்கிட்டுத் திரியறேன்."

வில்லையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. நான் அன்று பொத்தானை அழுத்தியிருந்தாலும் அந்த வரி போய்ச் சேர அங்கே ஆளில்லை. நிகில் மயங்கிப் பார்த்த கல்யாணமும் வில்லை நடத்தியதில்லை, இவளே நடத்தியது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மெல்ல உறைத்தது. நேற்று இட்லி என்று சொல்லிவிட்டுப் போனதும் இவளேதான்.

என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் அழுதுவிட்டாள். "செத்ததும் நான் பழையபடி ஆயிருவேன்னு நெனச்சேனுங்க. ஆகல. நீங்க நிறுத்துனா எனக்குள்ள ஒண்ணு கெளம்பிருது. அத்தை வீட்டுக்கு மறுபடியும் போனேன், சும்மா உக்காரலாம்னு. முடியல. இந்த வில்லை மிசுனு மேல பழி போடவும் வழியில்லாமப் போச்சு. எப்படி உங்ககிட்டச் சொல்லுவேன்?"

வாசலில் காலிங் பெல் அடித்தது. நிகில்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கையெழுத்துப் போடப் போவதில்லை என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'அடுத்த வேலைக்குப் போ' என்ற அந்த வரியை எழுதியபோது, உன்னால்தான், எனக்குத் திக்கும் என்பதே நினைவில் இல்லை என்று சொல்ல வேண்டும். நிரலில் ஒரே வரி போதும். இவள் பழையபடி ஆக எத்தனை நாள் பிடிக்குமோ தெரியவில்லை. அவள் இருந்து பழக நான் திக்கிக்கொண்டே இருப்பேன். என் ஆயுசுக்கு அதற்குத் தட்டுப்பாடில்லை.

"எ... எ..." என்று தொடங்கினேன்.

பெல் மறுபடி அடித்தது. கோகியின் உடம்பு வாசல் பக்கம் ஒருமுறை ஆடியது. பால் வழிந்து கிடந்த மேடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகத்தை என்னிடமிருந்து திருப்பாமல், வெளியே கேட்கும்படி கத்தினாள்.

"இருங்க! அவரு சொல்லிட்டிருக்கறாரு."